கழற்றும் முன் கேளுங்கள்

கே: ஏழு வருட லேப்டாப். காலையில் ஆன் செய்துவிட்டுப் பால் காய்ச்சி, காபி போட்டுக் குடித்து முடித்தாலும் திரை தயாராவதில்லை. புதிது வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். வாங்கலாமா?
(பள்ளி ஆசிரியை, கோவில்பட்டி)

ப: அவரை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று வரிசையாக இருக்கும். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்க, சி.பி.யு. பத்து இருபதில் சும்மா இருந்தால், லேப்டாப்புக்கு வயதாகவில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் வயதாகிவிட்டது.

அந்தப் பெட்டிக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் ஒரு சின்ன முனை இங்கும் அங்கும் ஓடி ஓடிப் படிக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பத்துப் பதினைந்து மில்லி செகண்ட். விண்டோஸ் கண் விழிக்க ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படித்தாக வேண்டும். காபி ஆறாமல் என்ன செய்யும்? எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, ஓடும் முனையும் இல்லை. அங்கே அதே தேடல் ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். ஏழு வருட லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதைவிட அதிகப் பலன் தரும் செலவு வேறு கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

கடைக்குப் போகும் முன் உங்கள் மாடலில் என்ன இடம் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க் போடும் இடமா, பபிள்கம் பட்டை போன்ற எம்.2 சொருகும் இடமா, இரண்டும் இருக்கிறதா? எம்.2விலும் சாட்டா வகை வேறு, என்.வி.எம்.இ. வகை வேறு. ஒன்றுக்கான இடத்தில் மற்றது உட்கார்ந்தாலும் வேலை செய்யாமல் போகலாம். பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே குளோன் செய்து தரச் சொல்லுங்கள். கழற்றிய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிடாதீர்கள். ஒரு யு.எஸ்.பி. கேஸில் போட்டால் உங்கள் வினாத்தாள்களுக்கு அது பேக்கப்.

கே: டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கிளிக்கும் விழவில்லை. டச்பேட் மாற்ற எவ்வளவு ஆகும்?
(கல்லூரி மாணவர், திருச்சி)

ப: தம்பி, முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள். லேப்டாப்பை அணையுங்கள். மிச்சத்தை மொபைலில் படியுங்கள்.

கெட்டுப்போயிருப்பது டச்பேட் இல்லை. அதற்கு நேர் கீழே இருக்கும் பேட்டரி உப்பிக்கொண்டு அதை மேலே தள்ளுகிறது. லித்தியம் அயன் பேட்டரி வெள்ளி நிற உறைக்குள் தட்டையாக, இறுக்கமாக இருக்க வேண்டும். வயதாகும்போதும் சூடேறும்போதும் உள்ளே வாயு உண்டாகி, உறை தலையணைபோல் புடைக்கிறது. லேப்டாப் மேசையில் நான்கு காலும் ஊன்றாமல் லேசாக ஆடுகிறதா, மூடியைச் சாத்தினால் நடுவில் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் இதே நோயின் அறிகுறிதான்.

அமுக்கிச் சமன்படுத்தக் கூடாது. ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று விடுதியில் ஒரு நண்பர் நிச்சயம் சொல்வார். அவரை அறைக்குள் விடாதீர்கள். குத்தினால் தீப்பிடிக்கும். சர்வீஸ் கடைக்கு இன்றைக்கே கொண்டுபோய் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் டச்பேட் தானாகவே தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

புது பேட்டரி போட்டதும் ஒரு காரியம் செய்யுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் சொந்த மென்பொருளிலோ பயாஸிலோ 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி தருகின்றன. நாள் முழுவதும் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்புக்கு அது பெரிய உபகாரம். மெத்தையின் மேல் வைத்துப் படம் பார்ப்பதையும் விடுங்கள். காற்று போகும் வழி அடைபட்டுச் சூடு ஏறுவது பேட்டரிக்குத்தான் முதல் எதிரி.

கே: ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பத்து வருடம் பின்னால் போய்விடுகிறது. எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்கிறது. வைரஸா?
(மளிகைக் கடைக்காரர், திண்டுக்கல்)

ப: வைரஸ் இல்லை. கடிகாரத்துக்குச் சோறு போடும் பட்டன் செல் தீர்ந்துவிட்டது. பல மாடல்களில் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் செல் இருக்கும், சிலவற்றில் ஒயரோடு வரும். வெப்சைட்டின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. உங்கள் லேப்டாப் பழைய வருடத்தில் நின்றுகொண்டு பார்ப்பதால் எல்லாச் சான்றிதழும் அதற்குப் பொய்யாகத் தெரிகிறது. செல்லை மாற்றுங்கள், வருடமும் வந்துவிடும், வங்கியும் திறந்துவிடும்.

கே: விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாம். என் லேப்டாப் இனி உதவாது, புதிது எடுங்கள் என்கிறார் கடைக்காரர்.
(ஆடிட்டர் அலுவலக ஊழியர், ஈரோடு)

ப: முடிந்தது உண்மை, உதவாது என்பது அவசரம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்தியது. தனிநபர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கும் திட்டம் ஒன்றையும் அறிவித்தது.

உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11 ஏற்குமா என்பதற்கு, மேலே ஒட்டியிருக்கும் ஐ5 ஸ்டிக்கர் பதில் சொல்லாது. அதற்கு அடுத்த எண்ணைப் பாருங்கள். ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை, பட்டியலில் இல்லை. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை, பட்டியலில் உண்டு. அதோடு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த வசதி லேப்டாப்பில் இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். "ஆகாது" என்று செய்தி வந்தாலும் பயாஸைத் திறந்து பார்க்காமல் நம்பாதீர்கள்.

நிஜமாகவே ஆகாது என்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள். பிரவுசர், மெயில், கடிதம், சாதாரண கணக்குப் பட்டியல் எல்லாம் ஓடும். ஆனால் டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று உங்கள் அலுவலகம் விண்டோஸைச் சார்ந்திருந்தால், அந்த இடத்தில் மாற்றத்தான் வேண்டும். கிளையண்டுகளின் கணக்கை அப்டேட் இல்லாத லேப்டாப்பில் வைத்துக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கே: 2012இல் என் மகளுக்குப் பள்ளியில் தந்த அரசு லேப்டாப் பீரோவில் இருக்கிறது. எடைக்குப் போட மனம் வரவில்லை.
(ஓய்வுபெற்ற தபால்காரர், ஆரணி)

ப: வரக் கூடாது, ஐயா. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தால்தான் எத்தனையோ வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டர் வந்தது. அதை உட்காரவைத்துப் பேசிப் பார்ப்போம்.

பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அந்தக் காலத்து லேப்டாப்களில் பெரும்பாலும் இரண்டு தாழ்ப்பாள்கள் இருக்கும், தள்ளினால் பேட்டரி கையோடு வரும். செத்துப்போயிருந்தால் கழற்றி வைத்துவிட்டு, சார்ஜரை மட்டும் சொருகி ஆன் செய்யுங்கள். படம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பழைய டி.டி.ஆர்.3 ரேம் கடைகளில் கழற்றிய சரக்காகவே கிடைக்கும், 4 ஜி.பி. ஆக்குங்கள். சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்று. அதில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. தமிழில் தட்டச்சு செய்யலாம், பென்ஷன் ஆவணங்களைப் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். பெரிய திரை வீடியோவுக்கும் பத்துப் பேர் சேரும் வீடியோ காலுக்கும் அதை இழுக்காதீர்கள். செலவு மூவாயிரத்தைத் தாண்டும் என்று சொன்னால் நிறுத்திவிடுங்கள்.

கே: பழைய ரேம் வாங்கலாம் என்கிறீர்கள். பழைய எஸ்.எஸ்.டி.? பழைய பேட்டரி?
(அச்சகத்தில் வேலை செய்பவர், சிவகாசி)

ப: ரேம் தேய்வதில்லை, அதனால் வாங்கலாம். 2025 கடைசியில் மெமரி கம்பெனிகள் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் பக்கம் திரும்பி புது ரேமின் விலை எகிறிய பிறகு, இது கூடுதல் நியாயம். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 மூன்றுக்கும் நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். சொருக மறுத்தால் அழுத்தாதீர்கள், அது உங்கள் வகை இல்லை. எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேயும்; கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஆரோக்கிய சதவீதம் பார்க்காமல் வாங்காதீர்கள். பழைய பேட்டரி இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கே: ரிச்சி தெருவில் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஏமாறாமல் இருக்க வழி?
(நகைக்கடை விற்பனையாளர், சென்னை)

ப: ரிச்சி தெருவில் சிப் அளவில் மதர்போர்டைப் பிரித்துச் சரிசெய்யும் கைகள் இருக்கின்றன. கம்பெனி சர்வீஸ் சென்டர் "போர்டு மொத்தமாக மாற்ற வேண்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியதை, மைக்ரோஸ்கோப் வைத்துக்கொண்டு ஒரு கபாசிட்டரை மாற்றி எழுப்பிவிடுவார்கள். அந்தத் திறமைக்கு நான் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன்.

உங்கள் பக்க வேலை: கொடுக்கும் முன் பேக்கப் எடுங்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால் ரிக்கவரி கீயைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போர்டு மாறியதும் அது இல்லாமல் டிஸ்க் திறக்காது. டேட்டாவை இழந்து நிற்பவர்களில் பலர் இங்கேதான் இழக்கிறார்கள். ரேம் எத்தனை, டிஸ்க் எந்தக் கம்பெனி, சீரியல் எண் என்ன என்பதை ஜாப் ஷீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். திரையோ கீபோர்டோ பழுது என்றால் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, பயாஸ் திரையிலேயே சோதித்துவிடலாம்.

கே: மூடியைத் திறக்கும்போது ஓரத்தில் 'டக்' என்கிறது.
(தையற்கலைஞர், மதுரை)

ப: ஹிஞ்சைப் பிடித்திருக்கும் பித்தளை நட்டுகள் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வரத் தொடங்கியிருக்கின்றன. இந்த வாரமே காட்டினால் ஹிஞ்சைத் தளர்த்தி, நட்டை எபாக்ஸியால் பதித்துவிடுவார்கள். தள்ளிப்போட்டால் திரைக்குப் போகும் கேபிள் அறுந்து செலவு பல மடங்காகும். அதுவரை ஓரத்தைப் பிடித்துத் திறக்காதீர்கள், நடுவில் பிடியுங்கள்.

கே: எப்போதுதான் கைவிடுவது?
(எல்.ஐ.சி. முகவர், நாகர்கோவில்)

ப: ஒரே மதர்போர்டு இரண்டாம் முறை படுத்தால். சர்க்கரை போட்ட டீ போர்டில் கொட்டி, காய்ந்து, மாதங்கள் கழித்துப் பச்சை பூத்திருந்தால். பழுது பார்க்கும் செலவு, அதே தரத்தில் நல்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பின் விலையில் பாதியைத் தொட்டால்.

அப்போதும் புதிதுதான் வேண்டும் என்றில்லை. ஐ.டி. கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுத் தள்ளிவிடும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகளைப் பாருங்கள். மலிவு விலைப் புது லேப்டாப்பைவிட உடம்பு கெட்டி, பாகங்கள் மாற்றுவதும் சுலபம். எட்டாம் தலைமுறைக்குக் கீழே எடுக்காதீர்கள். பயாஸுக்குள் பாஸ்வேர்டு கேட்காமல் நுழைய முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

பழையதைக் காயலான் கடைக்குத் தர வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, அதை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு தயாரித்த கம்பெனிக்கு உண்டு. அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் கொடுங்கள். ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவரின் நுரையீரலும் நம் கணக்கில்தான் வரும்.

கே: என்னுடையது எம்1 மேக்புக் ஏர், 8 ஜி.பி. ரேமை 16 ஆக்க முடியுமா?
(வீடியோ எடிட்டர், கோவை)

ப: முடியாது. 2020இல் எம்1 வந்தபோதே ரேமைச் சிப்போடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள், ஸ்டோரேஜையும் போர்டில் பற்றவைத்துவிட்டார்கள். பேட்டரி மட்டும் மாற்றலாம். எடிட் செய்யும் ஃபைல்களை வெளி எஸ்.எஸ்.டி.யில் வைத்து, பிராக்ஸியில் வெட்டிப் பாருங்கள். அதிலும் திணறினால் இதை விற்றுவிட்டு 16 ஜி.பி. எடுங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்றால்தான் நல்ல விலை.