சட்னிக்கு 70 ஆம்பியர்

இரண்டாவது பேட்டரி என்றால் என்னவென்று தமிழ்நாட்டுக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2008-ல் தொடங்கி ஐந்தாறு வருஷம் மின்வெட்டில் வெந்தவர்கள் நாம். மாடிப்படிக்குக் கீழே செருப்பு கிடந்த இடத்தை இன்வெர்ட்டருக்குக் கொடுத்தோம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்து திட்டு வாங்கினோம். ஆனால் அதே பேட்டரியை நாலு சக்கரத்தின் மேல் ஏற்ற வேண்டும் என்றதும், எங்கள் வீட்டில் ஆளாளுக்கு ஒரு மின்வாரியம் திறந்துவிட்டார்கள்.

வேன், ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய வேன். சீட்டுகளைக் கழற்றி, ஆர்.டி.ஓ. காகிதங்களை முடித்து, கட்டில், கேஸ் அடுப்பு, 12 வோல்ட் ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்தாயிற்று. கோயம்புத்தூரிலிருந்து கொல்லிமலை போய் ராத்திரி வேனிலேயே படுப்பது என்று திட்டம். "கரண்ட்டுக்கு என்ன வழி?" என்று கேட்டாள் மனைவி. "வண்டியிலதான் பேட்டரி இருக்கே" என்றார் மாமனார். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்; 12 வோல்ட்டை மின்சாரத்தில் சேர்த்துக்கொள்வதே இல்லை.

வண்டி பேட்டரி ஒரே ஒரு வேலைக்காகப் பிறந்தது. சாவியைத் திருப்பினால் இரண்டு மூன்று வினாடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டி செல்ஃப் மோட்டாரைச் சுற்றிவிடும், அதோடு சரி. அந்த வினாடி நேர வேகத்துக்காகவே உள்ளே மெல்லிய ஈயத் தகடுகளை நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். விடிய விடிய ஃபேன் ஓட்டி அடிமட்டம் வரை காலி செய்தால், கொஞ்ச நாளில் அந்தத் தகடுகள் போய்விடும். அதற்கு முன்பே ஒரு காலையில் செல்ஃப் எடுக்காது.

"தள்ளினாப் போச்சு" என்றார் மாமனார். வேன் இரண்டு டன்னுக்கு மேல். தள்ளுகிறவர்கள் பட்டியலில் தான் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

ஆக, ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனியாக இரண்டாவது பேட்டரி என்று முடிவானது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டு வாக்கியத்தில் முடித்தார். "கூட்டுக் குடும்பம்னு வெச்சுக்கோங்க சார். டைனமோ சம்பாதிக்கிற வரைக்கும் ஒரே உலை, வண்டி நின்னா அவங்கவங்க அடுப்பு." இரண்டு பேட்டரிக்கும் நடுவே நின்று இந்தச் சேர்க்கையையும் பிரிவினையையும் நடத்துவது ஒரு ரிலே. வோல்ட்டேஜ் 13.3 பக்கம் ஏறினால் டைனமோ வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு இரண்டையும் சேர்க்கும்; 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகள் பலவற்றில் டைனமோவின் வோல்ட்டேஜைக் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும். அங்கே இந்த ரிலே குழம்பிப்போகும், தனியாக டி.சி. சார்ஜர் வாங்க வேண்டும். எங்கள் வண்டி பழசு. வாழ்நாளில் முதல்முறையாக அது பழசாக இருந்ததால் காசு மிச்சமானது.

மிச்சம் என்றதும் மாமனாருக்கு வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஞாபகம் வந்தது. 150 ஆம்பியர்-அவர் டியூபுலர். கனத்த தகடு, மெதுவாகக் கொடுத்து மெதுவாக வாங்கும், குணத்தில் குறையில்லை. எடைதான் 50 கிலோவுக்கு மேல். உள்ளே திரவ ஆசிட். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வேறு கக்கும். அதன் மேல்தான் கட்டில். "படுக்கறது யாரு?" என்று மனைவி கேட்டதும் அந்த யோசனை கைவிடப்பட்டது. ஆசிட் சிந்தாத சீல்டு பேட்டரி, 100 ஆம்பியர்-அவர், புதிதாக வந்தது.

அடுத்த நாள் மாமனார் பரணிலிருந்து ஒரு வயர்ச் சுருளை இறக்கினார். வீடு கட்டியபோது மிச்சமான 4 ஸ்கொயர் வயர். எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் வீடு கட்டி மிச்சமான பொருள் ஒன்று பேரன் காலம் வரை தன் முறைக்காகக் காத்திருக்கும். ஆனால் வீட்டு 230 வோல்ட்டில் நாலு ஆம்பியரில் நடக்கும் வேலைக்கு, 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட இருபது மடங்கு ஆம்பியர் வேண்டும். அத்தனையையும் அந்த வயரில் விட்டால் வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். வயர் சூடாகி ரப்பர் நாற்றம் அடிக்கும். 25 ஸ்கொயர் கேபிள் வாங்கினோம். சுண்டுவிரல் மொத்தம். சுருள் பரணுக்குத் திரும்பியது.

ஃபியூஸ் விஷயத்தில்தான் சண்டை முற்றியது. இரண்டு பேட்டரிக்கும் நடுவே போகும் கேபிளில் இரண்டு முனையிலும் ஃபியூஸ் போட்டார் எலக்ட்ரீஷியன். "சப்ளை பக்கம் ஒண்ணு போதும். முப்பது வருஷ சர்வீஸ்ல நான் பார்க்காத ஃபியூஸா?" என்றார் மாமனார். "ரெண்டு பக்கமும் சப்ளைதானுங்க அய்யா" என்றார் எலக்ட்ரீஷியன். நடுவில் கேபிள் தோல் உரிந்து பாடியில் பட்டால் இரண்டு பேட்டரியும் போட்டி போட்டுக்கொண்டு அதை எரிக்கும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை; டெர்மினல்களுக்குக் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் அது பழுத்துவிடும் என்பதும் உண்மை. மாமனார் பதில் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, கேட்காமலே, "அவன் சொல்றது சரிதான்" என்றார்.

பிறகுதான் அசல் வேலை: வீட்டார் ஆசைகளை ஆம்பியரில் எழுதுவது. ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்காமலிருந்தால் நீடித்து உழைக்கும். ஆக, 100 என்று எழுதியிருந்தாலும் கையில் 50. ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர். நம் வெயிலில் பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 48 ஆம்பியர்-அவர். முடிந்தது கதை. தண்ணீர் பாட்டிலும் பாலும் குளிர்ந்தால் போதும், மனிதர்கள் இருட்டில் விசிறிக்கொள்ளலாம் என்று அர்த்தம். ஃபிரிட்ஜை ராத்திரி மட்டும் நிறுத்துவதாக ஒப்பந்தமானது. ஃபேன், விடியும்வரை 12. எல்.இ.டி. விளக்கு அற்பம். மகனின் போன் ஒன்றரை. அவன் நாள் முழுக்கச் சார்ஜில் போட்டுக்கொண்டே பார்ப்பதால் மூன்று.

"மிக்ஸி?" என்றாள் மனைவி. தோசை இருந்தால் சட்னி வேண்டும், நியாயம்தான். 750 வாட் மிக்ஸியை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் பேட்டரியிலிருந்து 70 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். அந்த எண்ணைக் கேட்டதும் சபை அமைதியானது. "அம்மியைத் தூக்கி வண்டியில போடு" என்றார் மாமனார். ஆனால் சட்னி அரைக்க மூன்று நிமிஷம்; மொத்தச் செலவு நாலு ஆம்பியர்-அவர்கூட இல்லை. ஃபிரிட்ஜ் இரண்டு மணி நேரத்தில் ஓசையில்லாமல் தின்பது அது. இன்வெர்ட்டரையே அணைக்க மறந்தால், ஒரு வேலையும் செய்யாமல் விடியும்போது பத்து ஆம்பியர்-அவர் வரை தின்றிருக்கும். கத்துகிற சாமானைத்தான் நாம் சந்தேகப்படுகிறோம்; சத்தம் போடாதது கணக்கில் தப்பிக்கிறது.

கொல்லிமலையில் சட்னி நன்றாக இருந்தது. காலையில் செல்ஃபும் ஒரே திருப்பில் எடுத்தது. மாமனார் ஆம்பியர் மீட்டருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் எதைப் போட்டாலும் சத்தமாகப் படித்தார். ஊர் திரும்பியதும் மீட்டர் கணக்குக்கு ஒரு நோட்டு வாங்கினார். கடைசிப் பக்கத்தில் இப்போது புதிதாக ஒரு வரி: வெட் கிரைண்டர், 150 வாட், அரை மணி நேரம், சுமார் 7 ஆம்பியர்-அவர், இனி மாவும் வேனிலேயே. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கல்லோடு கிரைண்டரைத் தூக்கி வேனில் ஏற்றுவது யார் என்ற பத்திதான் காலியாக இருக்கிறது.