பொய் சொல்ல உழைத்த காலம்

அந்தக் காலத்தில் அரசாங்க ரகசியத்தை அழிப்பது என்றால் உடம்பு வளைய வேண்டும். காகிதம் கிழிக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்று கற்றை கற்றையாக உள்ளே தள்ள வேண்டும். கிழித்தும் மிஞ்சியதை, அலுவலகச் செயலாளர் பெண் பூட்ஸுக்குள்ளும் பாவாடைக்குள்ளும் செருகிக்கொண்டு, ஒன்றும் அறியாதவள் மாதிரி வெளியே நடக்க வேண்டும். இப்போது அந்தச் சிரமம் இல்லை. கைப்பேசியில் ஒரு குழு ஆரம்பித்து, செய்தி தானாக மறைந்துபோகும்படி வைத்துவிட்டால் தீர்ந்தது. 2025 மார்ச்சில் வாஷிங்டனின் பெரிய பதவிக்காரர்கள் யேமன் மீது எப்போது குண்டு போடலாம் என்று அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். பேச்சு சுவாரசியத்தில் ஒரு பத்திரிகை ஆசிரியரையும் குழுவில் சேர்த்துவிட்டார்கள். குழுவைத் தொடங்கியவர் பின்னால் ஐ.நா. தூதராகப் போனார். அவ்வளவுதான் தண்டனை.

இதைப் படித்தபோது எனக்கு ரீகன் காலத்து வெள்ளை மாளிகையில் காகிதம் கிழித்த ஆலிவர் நார்த்தின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. மனிதர் என்ன பாடுபட்டார்!

1986-87ல் நான் ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரில் படித்துக்கொண்டிருந்தேன். மாடி அறையை எனக்கு வாடகைக்கு விட்டவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கொரியப் போருக்குப் போய் வந்தவர். வாசல் மேப்பிள் மரத்தில் ஒரு மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தார். 1979ல் டெஹ்ரான் தூதரகத்தில் பிடிபட்ட அமெரிக்கர்கள் 444 நாள் கழித்து விடுதலையாகும்வரை ஊர் முழுக்க அந்த ரிப்பன்தான். எல்லாரும் அவிழ்த்துவிட்டார்கள். இவர் மட்டும் அவிழ்க்கவில்லை, வெயிலிலும் பனியிலும் வெளுத்து அது பழைய நாடா மாதிரி தொங்கியது. ஜனாதிபதி ரீகனுக்கு இரண்டு முறை ஓட்டுப் போட்டவர். ஈரானை ஆண்ட கொமெய்னியின் பெயரைச் சாப்பாட்டு மேஜையில் யாரும் சொல்லக் கூடாது.

1986 நவம்பர் தொடக்கத்தில் பெய்ரூத்தில் ஒரு பத்திரிகை விஷயத்தைப் போட்டு உடைத்தது: அந்தக் கொமெய்னியின் அரசுக்கே அமெரிக்கா திருட்டுத்தனமாக ஆயுதம் விற்கிறது. 13ஆம் தேதி ரீகன் தொலைக்காட்சியில் தோன்றினார். லெபனானில் இருக்கும் பிணைக்கைதிகளுக்குப் பதிலாக ஆயுதம் கொடுக்கவில்லை, போனதெல்லாம் ஒரே ஒரு சரக்கு விமானத்தில் அடங்கிவிடும் என்றார். வீட்டுக்காரர் தலையாட்டினார். தாத்தா போன்ற முகம், கனிந்த குரல். எனக்கே நம்பலாம் போலிருந்தது. 25ஆம் தேதி அட்டர்னி ஜெனரல் எட்வின் மீஸ் வந்து மீதியைச் சொன்னார். ஈரான் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி நிகரகுவாவின் கான்ட்ரா கலகக்காரர்களுக்குப் போயிருக்கிறது. கான்ட்ராக்களுக்கு ராணுவ உதவி கூடாது என்று காங்கிரஸ் சட்டமே போட்டிருந்தது.

ஒரே மாதத்தில் ரீகனை ஏற்போர் 67 சதவீதத்திலிருந்து 46க்கு விழுந்தார்கள் என்று கருத்துக்கணிப்பு சொன்னது. அந்த 21 சதவீதத்தில் எங்கள் வீட்டுக்காரரும் இருந்தார். இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை. வேறு ஏதாவது ஜனாதிபதி பொய் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது போலும்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஈரானுக்கு யாரும் ஆயுதம் விற்காதீர்கள் என்று நாடு நாடாகப் போய்க் கெஞ்சிக்கொண்டிருந்ததே அமெரிக்காதான். ஈரானோடு போரிட்ட ஈராக்குக்கு உளவுத் தகவல் கொடுத்ததும் அதே அமெரிக்கா. ஈரானுக்குப் போனது, முதலில் இஸ்ரேல் வழியாகவும் பிறகு நேராகவும், மொத்தம் 2,000க்கு மேல் டோ ஏவுகணைகள், அதோடு ஹாக் விமான எதிர்ப்பு ஏவுகணைகளுக்கான உதிரி பாகங்கள். பதிலுக்கு லெபனானில் பிடித்து வைத்திருந்த அமெரிக்கர்களில் மூன்று பேர் விடுதலையானார்கள். 1986 செப்டம்பர், அக்டோபரில் புதிதாக மூன்று பேரைப் பிடித்துக்கொண்டார்கள். சரக்கு போனது, இருப்பு அப்படியே நின்றது.

1986 மே மாதம் ரீகனின் முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஃபார்லேன், நார்த் உள்ளிட்ட குழுவோடு ரகசியமாக டெஹ்ரானுக்கே போனார். பொய்யான ஐரிஷ் பாஸ்போர்ட். விமானத்தில் உதிரி பாகங்களோடு டெல் அவிவ் பேக்கரியில் செய்த ஒரு கேக்கும் இருந்தது, மேலே சாவி வடிவ அலங்காரத்தோடு. புது உறவின் கதவைத் திறக்கிறார்களாம். அவர்கள் போனது ரமலான் மாதத்தில்! பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் குடிக்காத ஊரில் சாக்லேட் கேக்கோடு இறங்கியிருக்கிறார்கள். ஒரு தெருவில் நோன்பு நடக்கிறதா என்று விசாரிக்காமல் ஒரு நாட்டின் அரசியலையே மாற்றக் கிளம்பியவர்கள் இவர்கள்.

1987 கோடையில் பெரியப்பா கும்பகோணத்திலிருந்து வந்து சேர்ந்தார். அண்ணன் கொலம்பஸில்தான் வேலை பார்த்தான். பெரியப்பா வணிகவரித் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். நயாகராவைக் காட்டினோம், அரை மணி நேரம் பார்த்துவிட்டு "தண்ணி நல்லாத்தான் விழுது" என்றார். அவரை நிஜமாகவே மகிழ்வித்த ஒரே அமெரிக்கக் காட்சி, மே மாதம் தொடங்கிய காங்கிரஸ் விசாரணையின் நேரடி ஒளிபரப்பு. காலை டிபன் முடிந்ததும் வேட்டியை மடித்துக்கொண்டு, டைரியும் பேனாவுமாக டிவி முன்னால் உட்காருவார். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார், உச்சரிப்பு பிடிபடாத இடங்களுக்காக.

"டேய், ஒரு ஏவுகணை அரசாங்கக் கணக்குல 3,469 டாலர். ஈரான்காரன்கிட்ட வாங்கினது 10,000. நடுவுல வியாபாரி யாருடா?"

"அரசாங்கம்தான் பெரியப்பா."

"அரசாங்கம்னா லாபம் கஜானாவுக்குல்ல போகணும்? சுவிஸ் பேங்க்ல எப்படி வந்து உக்காந்துது?"

அங்கே கூடியிருந்த வக்கீல்கள் எல்லாரும் மாதக் கணக்கில் சுற்றிச் சுற்றி வந்த கேள்வி அதுதான். அவர் டைரியில் இரண்டு பத்தி போட்டு வரவு, செலவு எழுதினார். முன்னாள் விமானப்படை ஜெனரல் சீகார்ட், அவர் கூட்டாளி ஹக்கீம், இடைத்தரகர் கோர்பானிஃபார், எல்லாருக்கும் தனித் தலைப்பு. பின்னால் குழுவின் அறிக்கை வந்தபோது, ஆயுத விற்பனையில் கிடைத்த சுமார் 1 கோடியே 60 லட்சம் டாலர் லாபத்தில் கான்ட்ராக்களுக்குப் போனதாகக் கணக்குக் காட்ட முடிந்தது 38 லட்சம்தான். கம்யூனிசத்தை ஒழிக்கும் புனித வேலைக்காகத்தான் இத்தனையும் என்று பேசியவர்கள், முக்கால் பங்கைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தது புரூனே விஷயத்தில். கான்ட்ராக்களுக்கு உதவியாக புரூனே சுல்தானிடம் 1 கோடி டாலர் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கணக்கு எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறி, பணம் சம்பந்தமே இல்லாத ஒருவர் கணக்கில் போய் விழுந்துவிட்டது. "செலான் பூர்த்தி பண்ணத் தெரியாதவன்லாம் உலகத்தை நடத்தறான் பாரு" என்று அன்று மாலை பார்க்கில் நடக்கும்போதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஜூலை 7ஆம் தேதி நார்த் வந்தார். வெள்ளை மாளிகை வேலைக்கு கோட், சூட்டில் போய்வந்தவர், அன்றைக்கு மரீன் படைச் சீருடையில், மார்பு நிறையப் பதக்கங்களோடு. நிமிர்ந்து நின்று வலக்கையைத் தூக்கிய அந்தப் படம் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும். காங்கிரசிடம் பொய் சொன்னேன் என்றார். ஆவணங்களைக் கிழித்தேன் என்றார். தன் வீட்டுக்கு சீகார்ட் செலவில் பாதுகாப்பு வேலி போட்டதை மறைக்கப் பழைய தேதி போட்டுப் பொய்க் கடிதம் எழுதியதையும் சொன்னார். இங்கே சொல்வதை வைத்து வழக்குப் போட மாட்டோம் என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்ததால் குரலில் நடுக்கமே இல்லை. ஏதோ பரிசளிப்பு விழாவில் ஏற்புரை நிகழ்த்துவதுபோல் இருந்தது.

"யூனிஃபார்ம்ல வந்துட்டான். இனிமே கேக்கறவன்தான் குற்றவாளி" என்றார் பெரியப்பா. அன்று நான் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டே நாளில் தந்திகள் குவிந்தன. அவற்றைக் கட்டுக் கட்டாகச் சாட்சி மேஜை மேலேயே அடுக்கி வைத்தார்கள். நார்த் முகம் போட்ட டி-ஷர்ட், நார்த் பொம்மை, நார்த்தை ஜனாதிபதியாக்கு என்று பேட்ஜ். நான் முடி வெட்டப் போன கடையில் அவர் மாதிரி வெட்டிவிடவா என்று கேட்டார்கள். செனட் குழுவின் தலைவர் டேனியல் இனோயேவுக்கும் கடிதங்கள் வந்தன, ஆனால் வேறு மாதிரி. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் அமெரிக்காவுக்காகச் சண்டை போட்டு வலக்கையை இழந்தவர் அவர். ஜப்பானிய வம்சம் என்பதற்காக இழிசொல் எழுதி அனுப்பினார்கள். தேசபக்தியைப் பற்றிய பரபரப்பான அந்த வாரத்தில், கையைக் கொடுத்தவரின் தேசபக்திதான் சந்தேகத்துக்கு இடமாயிற்று. அவருடைய சக உறுப்பினர் ஒருவர் அதை வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டியிருந்தது.

அந்த வார இறுதியில் எங்கள் வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார், நார்த் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு. மேலே அந்த ரிப்பன். கொமெய்னிக்கு ஆயுதம் அனுப்பியவர் முகம் கீழே, கொமெய்னியை மன்னிக்காத ரிப்பன் மேலே, நடுவில் புல்வெட்டி சத்தம். எப்படி என்று கேட்டேன். இயந்திரத்தை நிறுத்தினார். விற்றது தப்பு, அதில் தனக்கு மாற்றுக் கருத்தே இல்லை என்றார். "ஆனால் பார், அந்தப் பையன் கொஞ்சம்கூடப் பயப்படவில்லை." மறுபடி இயந்திரத்தைப் போட்டுவிட்டார்.

அமெரிக்கர்கள் எல்லாரும் அவரைப் போல மாறிவிடவில்லை. கான்ட்ரா உதவிக்கு ஆதரவு கொஞ்ச நாள் ஏறிப் பிறகு வடிந்தது. ஆனாலும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அரசியல்வாதிகளுக்கு வேண்டிய பாடம் கிடைத்துவிட்டது. செயலை மறைத்தால்தான் ஆபத்து. செயலோடு நிமிர்ந்து நின்றால் ஜனம் செயலை விட்டுவிட்டு நிமிர்வைப் பார்க்கும். ரீகன்கூட மார்ச்சில், கைதிகளுக்காக ஆயுதம் விற்கவில்லை என்றுதான் தன் மனம் இன்னும் சொல்கிறது, ஆதாரங்கள் வேறு மாதிரி சொல்கின்றன என்று பாதி மன்னிப்பு கேட்டிருந்தார். இன்றைக்கு அந்தப் பாதியே பத்தாம்பசலி. ஆதாரத்தை யார் பொருட்படுத்துகிறார்கள்?

நம் ஊரையும் சொல்லிவிட வேண்டும். அதே 1987 ஏப்ரலில்தான் ஸ்வீடன் வானொலி போஃபர்ஸ் பீரங்கி ஊழல் செய்தியைச் சொன்னது. ஊரிலிருந்து வந்த ஹிந்து கட்டிங்குகளை பெரியப்பா டைரியிலேயே செருகி வைத்திருந்தார். அங்கே பீரங்கி வாங்கியதில், இங்கே ஏவுகணை விற்றதில். வாங்கினாலும் விற்றாலும் நடுவில் நிற்பவனுக்குத்தான் வரவு என்பது அவர் கண்டுபிடிப்பு. அதை அண்ணனின் அமெரிக்க நண்பர்களிடம் எல்லாம் சொன்னார். அவர்களுக்கு போஃபர்ஸ் எதுவென்று தெரியவில்லை.

பிறகு நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1989ல் நார்த் மூன்று குற்றங்களில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஆவணம் அழித்தது ஒன்று, அந்த வேலி ஒன்று. சிறை இல்லை. அபராதம், 1,200 மணி நேரம் சமூக சேவை. விசாரணைக் குழு முன் பாதுகாப்போடு பேசியது வழக்கின் சாட்சிகளைப் பாதித்திருக்கலாம் என்று மேல்முறையீட்டில் அதுவும் அடிபட்டு, 1991ல் வழக்கே தள்ளுபடி. 1992 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பதவியை விட்டுப் போகவிருந்த மூத்த புஷ் ஆறு பேருக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தார். அவர்களில் முன்னாள் பாதுகாப்பு மந்திரி வைன்பெர்கருக்கு வழக்கு விசாரணையே ஆரம்பிக்கவில்லை. இன்னொருவர் எலியட் ஏப்ரம்ஸ். காங்கிரசிடம் தகவலை மறைத்ததாக ஒப்புக்கொண்டவர். 2019ல் வெனிசுவேலா விவகாரத்தைக் கவனிக்கும் சிறப்புத் தூதராகத் திரும்பி வந்தார். அனுபவசாலி.

நார்த் 1994ல் வர்ஜீனியாவில் செனட்டுக்கு நின்று தோற்றார். தொலைக்காட்சி அவரைக் கைவிடவில்லை. 2018ல் தேசியத் துப்பாக்கிச் சங்கத்துக்குத் தலைவரானார். ஆயுதத்தோடு பழைய பழக்கம். 2012ல் வந்த ஒரு வீடியோ கேமில் அவரே அவராக வருகிறார், குரலும் அவருடையதே. அண்ணன் பையன் அதை விளையாடினான். "இவர் நிஜமாவே இருந்தாரா சித்தப்பா?" என்றான். இருந்தார், கூண்டிலும் ஏறினார் என்றேன். "அப்புறம் எப்படி கேம்ல நல்லவரா வர்றார்?" என்று கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திராமல் சுடப் போய்விட்டான். அவன் வயதில் நானும் காத்திருந்திருக்க மாட்டேன்.

இயந்திரம் வைத்துக் கிழித்தும் வழக்கு எப்படித்தான் நின்றது என்று கேட்கலாம். வெள்ளை மாளிகைக் கணினியில் நார்த்தும் அவர் மேலதிகாரி பாய்ன்டெக்ஸ்டரும் ஒருவருக்கொருவர் அனுப்பிய குறிப்புகளை அழித்தாயிற்று என்று நினைத்திருந்தார்கள். மாற்றுப் பதிவு நாடாக்களில் எல்லாம் பத்திரமாக இருந்தது. இப்போது தானாக மறையும் செய்திகள் வந்துவிட்டதால் அந்த வம்பும் இல்லை.

தனி வழக்கறிஞர் லாரன்ஸ் வால்ஷ் மொத்தம் 14 பேர் மீது வழக்குத் தொடுத்தார். அவர்களில் கம்பி எண்ணியவர் ஒரே ஒருவர்: தாமஸ் கிளைன்ஸ், சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்து வெளியே வந்தவர், சீகார்டின் கூட்டாளி. குற்றம் ஆயுதம் விற்றதல்ல. அதில் வந்த வருமானத்தை வரிக் கணக்கில் குறைத்துக் காட்டியது. 16 மாதம்.

இந்தச் செய்தியைக் கத்தரித்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். கும்பகோணத்திலிருந்து ஏர்மெயில் பதில் வந்தது. உடம்பு, மழை, காவிரியில் தண்ணீர் எல்லாம் எழுதிவிட்டு, ஓரத்தில் இடம் இருந்த இடத்தில் நெருக்கி எழுதியிருந்தார்: "பாத்தியா, ஏவுகணையைப் பிடிக்க முடியலே, ரிட்டர்னைப் பிடிச்சுட்டான். எந்த ஊரானா என்ன, எங்க டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்ட்தான். நீ ஏப்ரல் 15க்குள்ள உன் வரியைக் கட்டிடு."