வடக்கு விளையும் உபதேசியார் சைக்கிளும்

ஏ மருமவனே, வடக்கு விளையைக் கோயிலுக்கு உயில் எழுதப் போறியாமே? நல்ல காரியம். நாற்பது பனையும் நாலு முருங்கையும் நிக்கிற இடம். போன அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒத்தை எலுமிச்சம்பழத்தை ஆயிரத்து இருநூறுக்கு எடுத்தியே, அன்னைக்கே நினைச்சேன்: இவனுக்கு ஆண்டவர் மேல பிரியம் கூடியிருக்கணும், இல்லன்னா எதிர்த்து ஏலம் கேட்ட தம்பி மேல கடுப்பு கூடியிருக்கணும். விளையும் அந்தக் கணக்குதானா?

கோவப்படாத. முன்னால இப்படி நினைச்ச மாத்திரத்துல எழுத முடியாது. 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்துல 118-ம் பிரிவுன்னு ஒண்ணு. தம்பி மவனோ அக்கா மவளோ அதைவிட நெருங்கின சொந்தமோ இருக்கிற கிறிஸ்தவன் கோயிலுக்கு எழுதணும்னா, சாவுக்குப் பன்னிரண்டு மாசம் முன்னாலயே எழுதியிருக்கணும். எழுதின ஆறு மாசத்துக்குள்ள சர்க்கார் காவல்ல அதை ஒப்படைச்சிருக்கணும். பஞ்சாங்கம் பார்த்தா சாவ முடியும்? கேரளத்துப் பாதிரியார் ஜான் வள்ளமற்றம் கேஸ் போட்டார். 2003-ல சுப்ரீம் கோர்ட்டு அந்தப் பிரிவையே செல்லாதுன்னு தூக்கிப் போட்டுது. உன் தம்பி மக்களுக்கு அன்னைக்குப் போச்சு பிடி.

சரி, யார் பேருக்கு எழுதுவ? 'நம்ம கோயிலுக்கு'ன்னா? அதே 2003-லதான் திருநெல்வேலி திருமண்டலத்துல இருந்து தூத்துக்குடி – நாசரேத் தனியாப் பிரிஞ்சுது. நம்ம கோயில் சொத்து எந்த டிரஸ்ட் பேர்ல நிக்குதுன்னு சேகர ஆபீஸ்ல கேட்டு, முழுப் பேரையும் சர்வே நம்பரையும் எழுது. பாசத்துல குருவானவர் ஐயர் பேருக்கு எழுதிடாத. மாற்றல் வந்தா ஐயர் போவார், பனையும் பின்னாலயே போவும்.

சாட்சி ரெண்டு பேர் வேணும். உபதேசியாருக்கு உன் சைக்கிளை எழுதப் போறேன்னியே, அவரையே சாட்சிக் கையெழுத்து போடச் சொல்லாத. நம்ம சட்டத்துல, சாட்சி போட்டவருக்கு எழுதினது செல்லாது. உயில் நிக்கும், சைக்கிள் கிடைக்காது. அவரு சம்சாரம் சாட்சி போட்டாலும் அதே கதைதான்.

இன்னொண்ணு. கோயில் அசன விருந்துல அந்த ரிட்டயர்டு டீச்சரம்மா இலைக்கு மட்டும் கறித்துண்டாத் தேடித் தேடி விளம்பினியே, ஊரே பார்த்துது. மறுதாலி கட்டினா பழைய உயில் அன்னைக்கே ரத்து. கட்டிட்டு எழுது, இல்ல, எழுதிட்டுச் சும்மா இரு.

கோயில் கமிட்டிக்காரன் காதுல 'எழுதியாச்சு'ன்னு மட்டும் போடு. பேப்பரைக் காட்டாத. உயிலை எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம்னு அவனுக்கும் தெரியும். அதனால சாவுற வரைக்கும் உனக்கு முதல் பந்திதான். அவசரப்பட்டு செட்டில்மென்ட்டு எழுதிக் குடுத்தேன்னு வையி, மறு வருஷம் இலை மீந்தா கூப்பிடுவான்.

நானும் எழுதிட்டேன் மருமவனே. பிள்ளை குட்டி இல்லாத மாமன் கிழக்குத் தோட்டத்தை யாருக்கு எழுதினார்னு இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டியா நீ? பெரிய மனசுதான். பேனா வச்சிருக்கியா? ஒரு சாட்சி குறையுது.