குட்டு வெளிப்பட்டுவிடுமோ?

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் டீம் லீடர் ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றுமே தெரியாது என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று தினமும் வயிற்றைக் கலக்குகிறது. என்ன செய்ய?
(ஒரு வாசகி, கோவை)

பதில்: கண்டுபிடிக்க வேண்டியவர்களில் பாதிப் பேருக்கு அவரவர் குட்டைக் காப்பாற்றவே நேரம் போதவில்லை. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1978-லேயே இந்தப் பயத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது பட்டமும் பதவியும் வாங்கிக் குவித்த பெண்களை! மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததே தேர்வுக் குழு செய்த தவறு என்று நம்பியவர்களும் அதில் உண்டு. (அசல் மக்குகளுக்கு இந்தச் சந்தேகமே வருவதில்லை. நம் அலுவலகங்களில் கண்கூடு.)

அடுத்த முறை யாராவது பாராட்டினால், "ஏதோ அதிர்ஷ்டம் சார்" என்று இழுக்காமல் "நன்றி" என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளுங்கள். மீட்டிங்கில் புரியாவிட்டால், "இது புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேளுங்கள். தலையாட்டிக்கொண்டிருந்த நாலு பேர் சட்டென்று பேனாவை எடுப்பார்கள், பாருங்கள்.

மேலாளரே தினமும் மட்டம் தட்டுகிறார் என்றால் மட்டும் கதை வேறு. அப்போது சந்தேகப்பட வேண்டியது உங்களை அல்ல. ரெஸ்யூமேயைத் தூசி தட்டுங்கள்.