முட்டியைக் கேட்டால் தெரியும்

மரியாதைக்குரிய மெடிக்கல் போர்டுக்கும், அதன் முத்திரையை அப்படியே வழிமொழியும் பென்ஷன் அலுவலகத்துக்கும்,

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், குமுளி, மறையூர்ப் பக்கத்துப் பட்டாளத்துக்காரர்கள் சார்பில் வணக்கம். முதலில் ஒரு பாராட்டு. இவர்களுடைய முட்டியை உங்களைப் போல் அக்கறையாகப் பார்த்தவர் யாருமில்லை. பெண் கொடுத்த மாமனார்கூட இல்லை. ஆள் எடுக்கும்போது 1.6 கிலோமீட்டர் ஓடவிட்டீர்கள். 9 அடிப் பள்ளத்தைத் தாண்டவைத்தீர்கள். நிமிர்ந்து நிற்கச் சொல்லி, முட்டியோடு முட்டி இடிக்கிறதா, பாதம் தட்டையா என்று குனிந்து பார்த்தீர்கள். பழுதில்லை என்று கையெழுத்தும் போட்டீர்கள்.

பிறகு முதுகில் மூட்டையும் கையில் நாலு கிலோ இன்சாஸ் துப்பாக்கியும் கொடுத்து மலையேற்றினீர்கள்.

ஊர் திரும்பும் நேரத்தில் மறுபடி போர்டு. டிஸ்க் விலகியிருக்கிறது, முட்டி தேய்ந்திருக்கிறது என்று எழுதியதும் நீங்கள்தான். அடுத்த கட்டத்தில், 'பணியால் வந்ததுமல்ல, பணியால் கூடியதுமல்ல' என்று எழுதி ஊன ஓய்வூதியத்தை மறுத்ததும் நீங்கள்தான். காரணம், வலி தொடங்கியது அமைதிப் பகுதியிலாம்! பனிமலையில் பல்லைக் கடித்துப் பொறுத்த முதுகு, சமவெளிக்கு வந்து வலித்தது குற்றம். குண்டு விழும்போதே முறைப்படி மனுப்போட்டு வலித்திருக்க வேண்டும்.

உங்கள் கணக்கும் தனி அழகு. ஊனம் 20 விழுக்காடு என்றால், 2014-இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற முறைப்படி ஓய்வூதியக் கணக்கில் அது 50 ஆக உயரும். பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவருக்கு 19 என்றால் பூஜ்யம். ஒரே ஒரு விழுக்காட்டுக்காக எத்தனை முதுகுகள் உங்கள் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருக்கின்றன!

சேரும்போது குறிப்பில் இல்லாத நோய் பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், நிரூபிக்கும் சுமை வீரர்மேல் இல்லை என்று 1982-ஆம் ஆண்டு ராணுவ ஓய்வூதிய உரிமை விதிகள் சொல்லின. வலிப்பு நோயால் 1994-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட தரம்வீர் சிங்கின் வழக்கில், 2013-இல் உச்ச நீதிமன்றம் அதையே உறுதிசெய்தது. காரணம் எழுதாத போர்டு முடிவு செல்லாது என்றும் சொன்னது. ஆனாலும் ஒவ்வொரு முதுகும் தனித்தனியாகக் கொச்சியில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போய்த்தான் அதே சட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. குமுளியிலிருந்து மலைப்பாதை வளைவுகளில் பஸ் குலுங்க, இடுப்பில் பெல்ட்டும் மடியில் எக்ஸ்ரே உறையுமாக.

ஆகவே ஒரு கோரிக்கை. இனி நிராகரிப்புக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே தீர்ப்பாய மனுவையும் அச்சடித்துவிடுங்கள். தாளாவது மிச்சம்.

இப்படிக்கு,
உட்கார்ந்தால் எழ முடியாததால், நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டவர்கள்