எல்லாப் பழியும் வைரஸுக்கே

வீட்டுக் கணினி மந்தமானால் குடும்பமே ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிவிடும்: "வைரஸ் பூந்திருக்கும்." கண்ணேறு மாதிரிதான், சாட்சியம் தேவையில்லை.

ஒரு காலத்தில் வைரஸுக்கும் மரியாதை தெரிந்திருந்தது. 1986இல் லாகூர் சகோதரர்கள் இருவர் எழுதிய 'பிரெய்ன்', அவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் தன்னுள் சுமந்தே வந்தது. 2008இல் கிளம்பிய 'கான்ஃபிக்க'ருக்கு அந்தப் பண்பெல்லாம் கிடையாது. நெட்வொர்க் வழியாகவும் பென்டிரைவில் தொற்றிக்கொண்டும் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தது.

இதற்கெல்லாம் அஞ்சி, ஒன்று போதாதென்று இரண்டு ஆன்டிவைரஸ் போடுகிறவர்கள் உண்டு. அவை இரண்டும் ஒரே கோப்பை மாறி மாறிச் சோதிக்கும். சமயத்தில் ஒன்றையொன்றே சந்தேகிக்கும். கோப்பு திறப்பதற்குள் காபி ஆறிவிடும்.

நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றிக் களைத்த ஹார்ட் டிஸ்க், 2 ஜிபி ராம், கணினி விழிக்கும்போதே கூடவே எழுந்துகொள்ளும் வேண்டாத மென்பொருள்கள், விசிறியில் அப்பிய தூசி ஆகியவற்றை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. வைரஸ் என்றால் குற்றவாளி வெளியாள். தூசி என்றால் வீட்டில் யாராவது துடைக்க வேண்டும்.

வீட்டுப் பயனர்களுக்கு விண்டோஸ் 7இன் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றுபோயின. அதிலேயே இன்றும் வங்கிக் கணக்கைத் திறக்கும் தைரியசாலியைக் கேட்டால், "அதான் ஆன்டிவைரஸ் இருக்கே" என்பார். அதன் சந்தா எப்போது முடிந்தது என்று கேளுங்கள். பதில் கணினியைவிட மெதுவாக வரும்.