'எங்க சைடு' சார்

தரமணி டைடல் பார்க்கில் ஆரம்பித்து சிறுசேரி வரைக்கும், பழைய மகாபலிபுரம் சாலையின் இரு பக்கமும் நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் எதில் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். வயது முப்பத்தைந்துக்கு மேல், நாற்பதுக்குள். ஐடி கார்டின் நாடா கழுத்தில், கார்டு சட்டைப் பையில். மேஜையில் இரண்டு மானிட்டர். ஒன்றில் அவுட்லுக், இன்னொன்றில் போஸ்ட்மேன். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பள ரசீதில் மாதாமாதம் அச்சாகிறது. ஆனால் அவரோடு ஒரே ஒரு கான்ஃபரன்ஸ் காலில் இருந்தவர்கள்கூட அவரை 'எங்க சைடு' சார் என்றுதான் சொல்வார்கள்.

உத்தியோகம் இதுதான். அவருடைய கம்பெனியிடம் ஒரு ஏபிஐ இருக்கிறது. பணம் வசூலிப்பதற்கோ, பாலிசி நம்பர் கொடுப்பதற்கோ, ஆளைச் சரிபார்ப்பதற்கோ, ஏதோ ஒன்றுக்கு. வெளிக் கம்பெனிகள் தங்கள் மென்பொருளை அதோடு இணைத்துக்கொள்ள வேண்டும். இணைக்க வருகிறவர்களுக்குக் கைகொடுப்பது சாரின் பொறுப்பு. கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று பேச்சு கிளம்பினால், "எங்க பக்கத்துல ஒரு குறையும் வைக்கலை" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ளும் பெரியவர் ஒருவர் இருப்பாரே, அவரை ஏசி அறையில் உட்காரவைத்து ஹெட்செட் மாட்டிவிட்டால் நம்ம சார்.

இணைப்பு வேலை செய்யவில்லை என்று எவர் கூப்பிட்டாலும் அவர் பதற மாட்டார்.

"ஒரு நிமிஷம் பாஸ், ஸ்கிரீன் ஷேர் பண்றேன். தெரியுதா?"

தெரிகிறது. ஏபிஐக்குக் கோரிக்கை அனுப்பிச் சோதிக்கும் கருவியான போஸ்ட்மேனில் 'செண்ட்' பொத்தானை அழுத்துகிறார். பச்சை நிறத்தில் 200 ஓகே வந்து நிற்கிறது.

"பாத்தீங்களா? எங்க சைடு பக்காவா இருக்கு."

"சார், கொஞ்சம் கீழ ஸ்க்ரோல் பண்ணுங்களேன்."

கீழே, வந்த பதிலுக்குள், 'ஸ்டேட்டஸ்: ஃபெயில்டு' என்று இருக்கிறது. அதற்கும் கீழே 'சம்திங் வென்ட் ராங்'.

"அது பிசினஸ் எரர் பாஸ். டெக்னிக்கலா இது சக்சஸ்."

இணைய உலகில் ஒரு வழக்கம் உண்டு. 200 வரிசை எண் வந்தால் கேட்டது கிடைத்தது. 400 வரிசை வந்தால் கேட்டவர் மேல் தப்பு. 500 வரிசை வந்தால் கொடுக்கிறவர் மேல் தப்பு. யார் மேல் பிசகு என்பதை மூன்றே இலக்கத்தில் சொல்லிவிடும் இந்த ஏற்பாடு சாருக்கு அறவே பிடிக்காது. 500 என்று ஒன்று போனால் அது எழுதிக் கொடுத்த வாக்குமூலம் ஆயிற்றே! மாதக் கடைசியில் எத்தனை 500 போயிற்று என்று எண்ணிப்பார்க்க மேலே ஒருவர் இருக்கிறார். ஆகவே சாரின் குழுவில் சர்வர் தீப்பிடித்தாலும் 200 தான். தீ பற்றிய விவரம் உள்ளே இருக்கும். 1998 ஏப்ரல் 1 அன்று, காப்பிப் பானைகளை இணையம் வழியாக இயக்குவதற்கென்று விளையாட்டாக ஒரு நெறிமுறை வெளியிட்டார்கள். டீப்பாட்டிடம் போய்க் காப்பி கேட்டால் '418, நான் டீப்பாட்' என்று பதில் வரவேண்டும் என்பது அதில் உள்ள விதி. 500 அனுப்புவதா 418 அனுப்புவதா என்று கேட்டால் சார் டீப்பாட்டாகவே இருந்துவிடச் சம்மதிப்பார்.

அவர் மெஷினில் வேலை செய்கிறது என்பது பொய்யே அல்ல. செய்யாமல் என்ன செய்யும்? அவர் அலுவலக நெட்வொர்க்குக்கு உள்ளே இருக்கிறார். அவருடைய ஐபி முகவரி என்றைக்கோ வைட்லிஸ்டில் ஏறிவிட்டது. போஸ்ட்மேனில் டோக்கன் சேமித்திருக்கிறது, காலையில் லாகின் செய்த குக்கியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, ஒரு தளத்தின் பக்கத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் போகும் கோரிக்கையின் பதிலை அனுமதியில்லாமல் கொடுக்க மறுக்கும் 'கார்ஸ்' என்ற காவல், பிரவுசரில் மட்டும்தான் நிற்கிறது, போஸ்ட்மேனில் கிடையாது. அதனால் வாடிக்கையாளரின் பிரவுசர் வாசலிலேயே மறிக்கப்படும்போது சார் கொல்லைப்புறமாகப் போய் வந்து, "வழி திறந்துதானே இருக்கு?" என்கிறார்.

அவருடைய இன்னொரு படைப்பு டாக்குமெண்ட். ஏபிஐ இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று இயந்திரமே படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதி வைக்க ஸ்வாக்கர் என்று ஒன்று வந்தது. அதுவே 2016-இல் ஓபன்ஏபிஐ என்று பெயர் மாறிப் பொதுத் தரமாகிவிட்டது. சார் அதையெல்லாம் அறிவார். இருந்தாலும் 'ஃபைனல் வி3 அப்டேட்டட் லேட்டஸ்ட்' என்ற பெயரில் ஒரு வேர்டு ஃபைலைத்தான் அனுப்புவார். அதில் மாதிரிக்குக் கொடுத்திருக்கும், தகவல் பரிமாற்ற வடிவமான ஜேசனை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் 400 வரும். காரணம், வேர்டு அழகுணர்ச்சி மிக்கது. நேரான மேற்கோள் குறிகளை வளைத்து வைத்திருக்கும். ஜேசனுக்கு அழகு பிடிக்காது.

அந்த டாக்குமெண்டின் அட்டவணையில் 'மொபைல்: இன்டிஜர்' என்று ஒரு வரி. பார்த்தால் சாதுவான வரி. 32 பிட் இன்டிஜரில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 2,147,483,647. நம் ஊர் மொபைல் எண்களோ பத்து இலக்கம். 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக, இந்தியாவில் எந்தச் சந்தாதாரரின் எண்ணும் அந்தப் பெட்டிக்குள் நுழையாது. ஆனால் சோதனைக் காலம் முழுக்க இரண்டு தரப்பும் அடித்துப் பார்த்த எண் 1234567890. அது கச்சிதமாக அடங்கிவிடும்! எல்லாச் சோதனையும் பாஸ். ஸ்வீட் பாக்ஸ் வந்து, குரூப் போட்டோ எடுத்து, புரொடக்‌ஷனுக்குப் போன அன்றைக்கு, உண்மையான கைப்பேசியோடு வந்த முதல் மனிதரோடு விழுந்தது எல்லாம்.

"கஸ்டமர் டேட்டால ஏதோ இஷ்யூ பாஸ்" என்றார் சார். நூறு கோடிப் பேரின் டேட்டாவிலும் இஷ்யூ.

அடுத்த வரி 'லாஸ்ட் நேம்: கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து, புள்ளி கூடாது'. இதை வடிவமைத்தவர் தமிழ்நாட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். கு. முருகேசன் என்ன செய்வார்? கு-வைப் போட்டால் நீளம் பற்றாது. கு-வோடு புள்ளி வைத்தால் ஆகாத எழுத்து. அப்பா பெயரை முழுதாகப் போட்டால் பான் கார்டோடு பொருந்தவில்லை என்று அடுத்த ஏபிஐ திருப்பி அனுப்பும். முருகேசன் முருகேசன் என்று இரட்டிப்பாகப் பதிந்து பிழைத்துக்கொண்டவர்கள் நாட்டில் நிறைய. சோதனையில் இது ஏன் அகப்படவில்லை என்றால், சோதனை உலகில் வசிக்கும் ஒரே பிரஜையின் பெயர் டெஸ்ட் டெஸ்ட்.

தேதியைப் பற்றிச் சாரிடம் கேட்கவே கூடாது. சர்வர் யூடிசி நேரத்தில் ஓடுகிறது. நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஏப்ரல் 1 விடியற்காலை இரண்டு மணிக்கு ஒருவர் பிரீமியம் கட்டினால் சர்வரின் கணக்கில் அது மார்ச் 31 இரவு 8.30. நிதியாண்டே மாறிவிடுகிறது. "கஸ்டமருக்கு லாபம்தானே பாஸ்" என்பது அவர் தரப்பு.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் பணம் கட்டுகிறார். கோரிக்கை போகிறது. சார் தரப்பு பணத்தை எடுத்துவிட்டுப் பதில் அனுப்புகிறது. பதில் வந்து சேருவதற்குள் இந்தப் பக்கம் முப்பது விநாடிப் பொறுமை தீர்ந்து டைம் அவுட். போகவில்லை போலிருக்கிறது என்று மென்பொருள் மறுபடி அனுப்புகிறது. பணம் இரண்டாவது முறையும் போகிறது.

"சார், ரெண்டு தடவை பணம் எடுத்திருக்கு."

"நீங்க ரெண்டு தடவை அனுப்பியிருக்கீங்க பாஸ்."

"முதல் தடவைக்குப் பதிலே வரலையே சார்."

"எங்க சைடுல இருந்து பதில் போயிருச்சு. லாக் இருக்கு."

"எங்களுக்கு வரலைங்கறதுக்கு எங்ககிட்டயும் லாக் இருக்கு."

இரண்டும் சத்தியம். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போன மனிதர் மட்டும் எந்த லாகிலும் இல்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனிச் சாவி எண் ஒன்றைக் கொடுத்து, அதே சாவியோடு மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பிக் கொடுப்பது என்று இதற்குத் தீர்வு இருக்கிறது. 'ஐடெம்பொட்டன்சி கீ' என்பார்கள். அது சாரின் டாக்குமெண்டிலும் இருந்தது. கடைசிப் பக்கத்தில், 'ஆப்ஷனல்' என்ற தலைப்பின் கீழ்.

சனிக்கிழமை ராத்திரி நடக்கும் பிரிட்ஜ் காலில்தான் சாரின் முழு வீச்சும் தெரியும். இரு கம்பெனிகளின் மேனேஜர்கள், நெட்வொர்க் ஆட்கள், ஃபயர்வால் ஆட்கள், எதற்குச் சேர்ந்தோம் என்று தெரியாத இருவர். யார் வீட்டிலோ குக்கர் விசிலடிக்கிறது. முதல் பத்து நிமிடம் "கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" அதற்குப் பிறகு சார் தன் பிரம்மாஸ்திரத்தை எடுக்கிறார்:

"ரிக்வெஸ்ட்டே எங்களுக்கு வரலை பாஸ்."

எல்லோரும் ஃபயர்வால் ஆளைப் பார்க்கிறார்கள். அவர் மியூட்டில் இருக்கிறார். வாடிக்கையாளர் கம்பெனியின் டெஸ்டர் பெண் நிதானமாகக் கேட்கிறார்:

"சார், வரலைன்னா 401 எப்படித் திரும்பி வருது? ரிக்வெஸ்ட் ஐடி சாட்ல போட்டிருக்கேன், அதை உங்க லாக்ல தேடிப் பாருங்களேன்."

தேடுகிறார். இருக்கிறது. அரை மணி நேரம் கழித்துக் காரணம் அகப்படுகிறது. சார் எக்ஸலில் அனுப்பிய ஏபிஐ கீயின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. அதை அப்படியே நகலெடுத்து ஒட்டியது இந்தப் பக்கம். ஒரே ஒரு வெற்றிடத்துக்காக ஒரு டஜன் பேரின் சனிக்கிழமை போயிற்று.

"சரி, அப்போ எங்க சைடுல கோட் சேஞ்ச் எதுவும் இல்லை" என்று சார் முடித்துவைக்கிறார். மறுநாள் மினிட்ஸில் இந்த வாக்கியம் மட்டும் தடித்த எழுத்தில் வருகிறது.

சர்டிஃபிகேட் விஷயம் தனி. 2020 செப்டம்பர் முதல், பொது இணையதளச் சான்றிதழ்களுக்கு 398 நாளுக்கு மேல் ஆயுள் கிடையாது என்று ஆக்கினார்கள். வருடத்துக்கு ஒருமுறை வந்த அந்தத் தேதியைச் சார் வருடத்துக்கு ஒருமுறை மறந்தார். அந்த ஆயுள் படிப்படியாகக் குறைந்து 2029-இல் 47 நாளாகிறது. மறப்பதற்கு இத்தனை வாய்ப்பு அவருக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை.

ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. தப்பு யார் தலையில் என்பதை வைத்துத்தான் ஒப்பந்தத்தில் அபராதம், அப்ரைசலில் மதிப்பெண். ஏபிஐ எழுதியது இவர் அல்ல. எழுதியவர் மூன்று வருடம் முன்பே பெங்களூருக்குப் போய்விட்டார். கோட்-ஐத் திறந்து பார்க்கும் அனுமதி இவருக்குக் கிடையாது. கையில் இருப்பது ஒரு போஸ்ட்மேனும் ஒரு வாக்கியமும். அதை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனியையே காப்பாற்றச் சொன்னால் மனிதர் வேறென்ன பேசுவார்?

போன மாதம் சார் வேலை மாறினார். போன இடம், இத்தனை நாள் அவரோடு மல்லுக்கட்டிய அதே வாடிக்கையாளர் கம்பெனி. நாற்காலி எதிர்ப்பக்கம் வந்ததும் ஆள் மாறியிருப்பார் என்று நினைத்தார்கள். முதல் காலிலேயே குரல் கணீரென்று வந்தது: "எங்க சைடுல இருந்து கரெக்டாத்தான் அனுப்பறோம் பாஸ், உங்க ஏபிஐதான் சரியில்லை." ஏபிஐ அதேதான். பழைய கம்பெனியில் அவர் இடத்தில் உட்கார்ந்த புதுப் பையன், "எங்க சைடுல..." என்று ஆரம்பித்தான். சாருக்கே ஒரு நொடி பேச்சு வரவில்லையாம்.

இணைப்பு வேலையில் பிசகுகள் பெரும்பாலும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மட்டும் இருப்பதில்லை, நடுவில் இருக்கின்றன. நடுவுக்குச் சம்பளம் வாங்குகிறவர் யாரும் கிடையாது. ஆகவே, இப்படி ஒரு காலில் மாட்டிக்கொள்ளும் வாசகர்களே, சாரோடு வாதாடாதீர்கள். நாலே சரக்கைக் கேட்டு வாங்குங்கள்: ஹெட்டரோடு முழுக் கோரிக்கை, வந்த பதில் முழுதும், எந்த நேர மண்டலம் என்று குறிப்பிட்ட நேரம், ரிக்வெஸ்ட் ஐடி. கூடவே, சோதனைக்கு 1234567890 அடிக்காமல் உங்கள் சொந்த மொபைல் எண்ணையும், இனிஷியலோடு உங்கள் சொந்தப் பெயரையும் ஒருமுறை அடித்துப் பாருங்கள். பாதி பிரிட்ஜ் கால்கள் அதோடு நின்றுபோகும்.